எதிரே இருந்தவர்களுக்குச் சரி

ஆவுடை ஆசான் யாருக்கும் முதுகைக் காட்டிப் பாடம் நடத்தியதில்லை.

அவருடைய தகப்பனார் முதுகைக் காட்டித்தான் நடத்தினார். சீடர்கள் பின்னால் நின்று, அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் கழுத்து வலிக்கும். தகப்பனார் போன பிறகு மலையடிவாரத்து வைத்தியசாலை மகளின் கைக்கு வந்தது. முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியம். முதல் நாளே ஆவுடை தன் மணையைத் திருப்பிப் போட்டார்.

"முகம் தெரியணும். புரியலேங்கிறதை வாயால எவன் சொல்லுதான்? முகம்தான் சொல்லும்," என்றார்.

எதிரெதிரே உட்கார்ந்ததில் ஒரு சிக்கல் வந்தது. ஆசான் முறிந்த கைக்குப் பதிலாக ஒரு மூங்கில் கழியை மடியில் கிடத்தித் துணியை வெளிப்பக்கமாகச் சுற்றிக் காட்டினால், எதிரே இருப்பவர்களுக்கு அது தங்கள் பக்கம் வருவதாகத் தெரிந்தது. அவர்கள் அப்படியே உட்பக்கமாகச் சுற்றினார்கள். கட்டில் திசைதான் எல்லாம். திசை மாறிவிட்டால், பசை காயக் காயத் துணி இறுகி எலும்பை மெல்லத் திருப்பிவிடும். எலும்பு ஒட்டும். ஆனால் கை திரும்பாது.

அதனால் ஆசான் வகுப்பில் எல்லாவற்றையும் மாற்றிச் செய்யப் பழகினார். வெளிப்பக்கம் சுற்ற வேண்டியதை உட்பக்கம் சுற்றுவார், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. எதிரே இருந்தவர்களுக்கு அது சரியாகத் தெரிந்தது. வருஷக்கணக்காக இப்படியே நடந்தது.

நோயாளிகளுக்குக் கட்டுவது உள்ளறையில். அங்கே வகுப்பு கிடையாது. உதவிக்கு வருகிறவர்கள் ஆசானின் பக்கத்திலோ பின்னாலோ இருப்பார்கள். அங்கே கை அதன் வழியில், வெளிப்பக்கமாகவே போகும்.

தகப்பனார் காலத்துச் சட்டம் ஒன்றை மட்டும் ஆவுடை மாற்றவில்லை. ஆசானின் கை நோயாளியின் மேல் இருக்கும்போது சீடர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எப்போதோ ஒரு சீடன் "ஐயையோ" என்று சொல்லப்போக, நோயாளி பயந்து காலை உதறிவிட்டாராம். அதற்காக வந்த சட்டம்.

அணஞ்சபெருமாள் அங்கே சேர வந்தபோது ஆசானைவிட அவருக்குத்தான் வயது அதிகம். டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, இனிமேல் பிடித்ததைப் படிக்கப் போகிறேன் என்று வந்துவிட்டார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். ஆசானும்தான்.

துணியைக் கோணாமல் கிழிக்கத் தெரிந்தவர் என்பதால் அந்த வேலையே அவருக்கு வந்தது. ஆசானின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, துணியைக் கிழித்து, உளுந்தும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்த பசையில் நனைத்து நீட்ட வேண்டும். வகுப்பிலும் அவர்தான். உள்ளறையிலும் அவர்தான்.

ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"ஆசானே, ஒண்ணு சொல்லலாமா?" என்றார் அணஞ்சபெருமாள் பின்னாலிருந்து.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நீங்க தப்பாச் சுத்துதீங்க."

சீடர்களின் கைகள் அப்படியே நின்றன.

"நேத்து உள்ளறையில வெளிப்பக்கமாச் சுத்தினீங்க. இப்ப உட்பக்கமாப் போகுது."

முதல் சீடன் தாணுமாலயன் எழுந்தேவிட்டான். அடுத்த வருஷம் தனியாகக் கட்டுப் போட ஆசானின் அனுமதி பெறப்போகிறவன் அவன். "அண்ணாச்சி, இது உங்க கடை இல்ல. கணக்குப்பிள்ளையை அதட்டுற மாதிரி ஆசானை அதட்டாதீங்க."

ஆசான் கையமர்த்தினார். "இங்க வாங்க அண்ணாச்சி. பிள்ளைங்க நடுவுல உக்காருங்க. இப்பப் பாருங்க."

அணஞ்சபெருமாள் போய் உட்கார்ந்தார். ஆசான் மறுபடி சுற்றினார்.

"எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு."

"திரும்ப என் பின்னால வாங்க. இப்ப?"

"தப்பா இருக்கு."

வகுப்பே சிரித்தது. ஆசான் கண்ணாடி விஷயத்தை அவருக்கு விளக்கினார். அணஞ்சபெருமாள் மண்டையைத் தடவிக்கொண்டு கூடவே சிரித்தார்.

வகுப்பு கலைந்ததும் தாணு அவரிடம் வந்தான்.

"உங்களுக்கு வயசு இருக்கு, சொல்லக் கூச்சமா இருக்கு. ஆசான்கிட்ட நெசமாவே தப்பு இருந்தாலும் நாலு பேர் முன்னால சொல்லக் கூடாது. வகுப்பு முடியணும். ஆசான் தனியா இருக்கணும். மெதுவா, கேள்வி கேக்குற மாதிரிச் சொல்லணும்."

"அதுக்குள்ள அந்த நாலு பேரும் தப்பாப் படிச்சிட்டுப் போயிருப்பானே தம்பி?"

"மறுநாள் ஆசானே திருத்திருவாங்க."

"மறுநாள் லீவு போட்டவன்?"

"ஜவுளிக்கடைக்காரர்கிட்டப் பேச நம்மால ஆகாது," என்று தாணு கும்பிட்டுவிட்டுப் போனான்.

அது அணஞ்சபெருமாளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் ஆசான் கட்டுக்குள் வைக்கும் மூங்கில் சிம்புகளைச் சீவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஆசான் தப்புப் பண்ணினா வகுப்புலயே சொல்லலாமா?"

"இன்னிக்குப் பண்ணினேனா?"

"இல்ல."

"பிறகு எதுக்குக் கேக்கீங்க?"

"நாளைக்குப் பண்ணினா?"

"நாளைக்குக் கேளுங்க."

"அதுக்கில்ல ஆசானே. நேத்து சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

"நீங்க?"

"நானும்தான் சிரிச்சேன்."

"அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. இந்தச் சிம்பைப் பிடிங்க."

அவருக்குப் பதில் கிடைத்த மாதிரியும் இருந்தது, கிடைக்காத மாதிரியும் இருந்தது.

சித்திரை வெயில் ஏறிய ஒரு முற்பகலில், வகுப்பு பாதியில் இருக்கும்போது, வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிற்பதற்கு முன்பே உள்ளே இருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"மெதுவாத்தான் இறக்குமே! நான் என்ன இரும்பா? நாளெல்லாம் இரும்பையே இழுத்து இழுத்து மனுசி தெரியல உமக்கு!"

பெயர் உலகம்மாள். கொல்லன் பட்டறையில் சம்மட்டி அடிப்பவள். புருஷன் காய்ந்த இரும்பைக் குறட்டில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுப்பான். ஓங்கி அடிப்பது அவள். கலியாணமான நாளிலிருந்து அவள் அடித்துத்தான் அந்தப் பட்டறையில் கலப்பைக் கொழு கூரானது, அரிவாள் வளைந்தது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் இடது முன்கை எலும்பு இரண்டும் முறிந்திருந்தன. முழங்கைக்குக் கீழே கை வேறு யாருடையதோ போலத் தொங்கியது.

ஆசான் தொட்டுப் பார்த்தார்.

"சம்மட்டியை ஒத்தக் கையில தூக்குவியா?"

"ஒத்தக் கையில அகப்பையத் தூக்கலாம், ஆசானம்மா. சம்மட்டிக்கு ரெண்டும் வேணும்."

"இந்தக் கை திரும்பாமப் போச்சுன்னா?"

"உலையில தண்ணி ஊத்திட்டு நாங்க ரெண்டு பேரும் ஊரைப் பாக்கப் போகவேண்டியதுதான்." சொல்லிவிட்டுப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "இவருக்கு இரும்பைப் பிடிக்க மட்டும்தான் தெரியும். அதையும் நான்தான் பிடிக்கச் சொல்லணும்," என்றாள்.

புருஷன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கி நின்றான்.

வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளறைக்குத் தூக்கிப் போக நேரமில்லை. "இங்கேயே கிடத்துங்க. பிள்ளைங்களும் பாக்கட்டும்," என்றார் ஆசான்.

வகுப்பின் நடுவில் பாயை விரித்துக் கிடத்தினார்கள். ஒரு பக்கம் ஆசான். அவர் பக்கத்தில் முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி தாணு. பின்னால், பசைச் சட்டியோடு அணஞ்சபெருமாள். எதிர்ப்பக்கம் சீடர்களின் முகங்கள்.

ஆசான் எலும்பை இழுத்து நேராக்கினார். உலகம்மாள் ஒரு கத்துக் கத்தினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டாள். விரல்களால் தடவிப் பார்த்து, இரண்டு எலும்பும் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, சிம்புகளை வைத்தார் ஆசான். எதிரே இருந்த முகங்களை ஒருமுறை பார்த்தார். எல்லாம் விரிந்த கண்கள். துணிக்குக் கையை நீட்டினார்.

முதல் சுற்று உட்பக்கமாகப் போனது.

அணஞ்சபெருமாள் பார்த்தார். கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தார். இரண்டாவது சுற்றும் அதே பக்கம்.

எதிரே இருந்த சீடர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படித்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. தாணு குனிந்து முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருமுறை சொல்லிச் சிரிப்பு வாங்கியது அணஞ்சபெருமாளுக்கு நினைவு வந்தது. இது வகுப்பா, உள்ளறையா? வகுப்புதான். ஆனால் கிடப்பது மூங்கில் இல்லை. வாய் திறந்தால் மூட்டையைக் கட்ட வேண்டும். தனியாகச் சொல்லலாம் என்றால், இந்த வெயிலில் பசை பிடித்துக் கல்லாகிவிடும். பிறகு அதை உடைத்து எடுக்கும்போது நேராக்கிய எலும்பும் கூடவே விலகிவிடும்.

ஆசான் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினார். "துணி."

அவர் கொடுக்கவில்லை.

"துணி, அண்ணாச்சி."

நனைத்த துணி அவர் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கொடுக்கவில்லை.

ஆசான் திரும்பினார்.

"திசை தப்பு, ஆசானே," என்றார் அணஞ்சபெருமாள்.



"சரியாத்தான் இருக்கு ஆசானே!" என்றான் முன்வரிசையில் இருந்த சங்கரபாண்டி. "நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் போகுது. அண்ணாச்சிக்கு இதே வேலை!"

"சரியாத்தான் இருக்கு," என்றார்கள் மற்றவர்களும்.

"என்னது தப்பு? யாரு தப்பு?" உலகம்மாள் தலையைத் தூக்கினாள். "எவராவது எனக்குச் சொல்லுங்களேன், என் கைதானே அது!"

ஆசான் அணஞ்சபெருமாளையும் பார்க்கவில்லை, எதிரே இருந்தவர்களையும் பார்க்கவில்லை. தன் இடது கையை உலகம்மாளின் கைக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தன் கையின் மேலேயே வலது கையால் வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றினார். வெளிப்பக்கமாகப் போனது.

கண்ணைத் திறந்தார். கட்டைப் பார்த்தார்.

"தாணு, கையை ஆடாமப் பிடி," என்று சொல்லிவிட்டுத் துணியை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அவிழ்கிற துணியை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கரபாண்டியின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"புரிஞ்சிட்டு ஆசானே! எங்களைச் சோதிச்சீங்க! வேணும்னே மாத்திச் சுத்துனீங்க, யாராவது கண்டுபிடிக்கோமான்னு பாக்க!"

வகுப்பு முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. அதானே, அதானே என்றார்கள். ஆசானாவது தப்புப் பண்ணுவதாவது. தாணு தலை நிமிர்ந்து ஆசானைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் ஒரு சின்னச் சிரிப்பு, அது போதும் என்று அவன் கண் கெஞ்சியது.

"என் கைய வச்சா சோதிச்சீக?" என்றாள் உலகம்மாள்.

"இல்லம்மா," என்றார் ஆசான். "தப்பு. முன்னால பிள்ளைங்க முகத்தைப் பாத்ததும் கை பாடத்துக்குப் போயிட்டுது. எனக்கே தெரியல."



புருஷன்தான் முதலில் அசைந்தான். "ஏளா உலகு, எந்திரி. வண்டியைப் பூட்டுதேன். ஆசானே தப்புன்னு சொல்லுதாக. வேற எங்கயாச்சும் பாப்போம்."

"எங்க?" என்றாள் அவள்.

"நம்ம ஊர்ப் பக்கம்தான் ஒருத்தர் கட்டுதாரே."

"அவருதான் என் நாத்தனாருக்கும் கட்டினாரு. இன்னிக்கும் அவ ஆத்துக்குன்னு கிளம்பினா காலு கோயிலுக்குப் போவுது. கட்டும்போது ஊரே சுத்தி நின்னு வேடிக்கை பாத்துது. ஒரு பய வாயத் தெறக்கல." அவள் தலையைப் பாயில் சாய்த்துக்கொண்டாள். "நீங்க கட்டுங்க ஆசானம்மா. அந்தப் பெரியவரை மட்டும் எங்கயும் அனுப்பிராதீக."

ஆசான் எழுந்து நின்றார்.

"எல்லாரும் எந்திரிங்க. என் பின்னால வாங்க."

சீடர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஆசானின் தோளுக்கு மேலே, இடுக்கில், பக்கத்தில் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எதிர்ப்பக்கம் வெறும் சுவர். ஆசான் அதைப் பார்த்து உட்கார்ந்தார். புதுத் துணிக்குக் கையை நீட்டினார். இந்த முறை துணி வந்தது.

ஒரு சுற்று. கையை நிறுத்தினார்.

"சரியா?"

யாரும் பேசவில்லை. ஆசானின் கை நோயாளியின் மேல் இருந்தது.

"கேக்கேன்ல. சரியா?"

"சரி," என்றார் அணஞ்சபெருமாள்.

"ஒருத்தர்தான் இருக்காரா இங்க?"

"சரி," என்று இரண்டு மூன்று குரல்கள் வந்தன.

அடுத்த சுற்று. "சரியா?"

"சரி."

அடுத்தது. "சரியா?"

"சரி!"

சுற்றுக்குச் சுற்று குரல் ஏறியது. சிலர் குனிந்து, விரலால் திசையைக் காற்றில் போட்டுப் பார்த்துச் சரி என்றார்கள். சங்கரபாண்டி ஒரு சுற்றில் "ஆசானே, அந்த ஓரம் கொஞ்சம் மடங்குது" என்றான். ஆசான் பார்த்தார். மடங்கித்தான் இருந்தது. நீவிவிட்டார். அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. வலியை மறந்து உலகம்மாளும் சரி சொல்ல ஆரம்பித்தாள். கடைசிச் சுற்றில் சுவரோரத்திலிருந்து புருஷனும் கனத்த குரலில் "சரி" என்றான்.

"உமக்கு என்ன தெரியும்?" என்றாள் அவள்.

கூடம் அதிரச் சிரித்தார்கள்.

வண்டி போன பிறகு தாணு ஆசானின் முன்னால் வந்து நின்றான். "சட்டம்னு ஒண்ணு இருக்கு, ஆசானே. இன்னிக்கு விட்டுட்டா நாளைக்கு ஆளாளுக்குப் பேசுவான்."

அவன் அதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அணஞ்சபெருமாள் ஏற்கெனவே மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க அண்ணாச்சி?" என்றார் ஆசான்.

"சட்டம் தெரிஞ்சுதானே சேர்ந்தேன்."

"அது எதுக்கு வந்த சட்டம்?"

"நோயாளி பயந்துரக் கூடாதுன்னு."

"அவ பயந்தாளா?"

அணஞ்சபெருமாள் யோசித்தார். "இல்ல. நான்தான் பயந்தேன்."

"சீடன் பயப்படக் கூடாதுன்னு சட்டத்துல இல்ல. மூட்டையை இறக்குங்க."

அவர் இறக்கவில்லை. ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"இதையும் அன்னைக்கு மாதிரி நான் தப்பாப் பாத்திருந்தா, ஆசானே?"

"அவிழ்த்துப் பாத்திருப்பேன். திரும்பக் கட்டியிருப்பேன். எவ்வளவு துணி போயிருக்கும்?"

"மூணு முழம் போயிருக்கும்."

"உங்க கடையில எலி தின்னது அதைவிட ஜாஸ்தி இருக்கும்."

அணஞ்சபெருமாள் மூட்டையை இறக்கினார்.

மறுநாளிலிருந்து வகுப்பில் பாதிப் பேர் ஆசானுக்கு எதிரே உட்கார்ந்தார்கள், பாதிப் பேர் பின்னால் உட்கார்ந்தார்கள். எதிரே இருந்தவர்கள் சரி என்றதைப் பின்னால் இருந்தவர்கள் தப்பு என்றார்கள். தினமும் சண்டை. ஒருவன் எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பான், இன்னொருவன் இந்தப் பக்கம் வருவான். பாடம் முன்னைவிட மெதுவாகப் போனது. கடந்து போகிறவர்கள் இது வைத்தியசாலையா சந்தையா என்றார்கள். ஆசான் யாரையும் அடக்கவில்லை.

தாணுவுக்கு மட்டும் புது இடம் கொடுத்தார். அணஞ்சபெருமாளுக்குப் பக்கத்தில், துணி கிழிக்க. அவன் கிழித்ததெல்லாம் கோணலாகவே போனது. "இழையைப் பாரு தம்பி, கையைப் பாக்காதே," என்று அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தார். அவன் வேண்டாவெறுப்பாகக் கேட்டுக்கொண்டான். நாளடைவில் வெறுப்பு குறைந்தது. ஆனால் அவன் எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டுக்கொண்டே இருந்தான்.

கட்டு அவிழ்க்கும் நாள் வந்தது. சிம்புகளை எடுத்தபோது கை வெளிறிப்போய், மெலிந்து, நேராக இருந்தது.

"உள்ளங்கையை மேல திருப்பு," என்றார் ஆசான்.

உலகம்மாள் பயந்து பயந்து திருப்பினாள். கை முழுசாகத் திரும்பியது. விரித்த உள்ளங்கை எல்லோருக்கும் தெரிந்தது.

 அவள் சுற்றிலும் பார்த்தாள்.

"திருப்பியாச்சு. வெறுங்கையா வச்சிருக்கவா? யாராச்சும் எதாச்சும் போடுங்களேன்," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். புருஷன் அந்தக் கையில் தன் கையை வைத்தான்.

கை தேறி, பலம் ஏறி, வேலைக்குத் தயாரானதும் சொல்லி அனுப்பினாள். குணமான கை செய்கிற முதல் வேலையை ஆசான் நேரில் போய்ப் பார்ப்பது அங்கே வழக்கம். அன்று எல்லாச் சீடர்களும் கூட வருவோம் என்றார்கள். கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் மாதிரி வயல் வரப்பில் நடந்தார்கள். முன்னால் அணஞ்சபெருமாளை நடக்கவிட்டு அவரைச் சுற்றிக் கேலி பேசிக்கொண்டு போனார்கள். தாணு பின்தங்கி ஆசானோடு நடந்தான்.

ஊர் எல்லை தெரிந்தபோது அவன் பேசினான்.

"அன்னைக்கு நானும் பாத்தேன், ஆசானே."

"தெரியும்."

அவன் நின்றுவிட்டான். "எப்படி?"

"நீ பிடிச்சிருந்த கையிலதான நான் கட்டிக்கிட்டிருந்தேன். முதல் சுத்துலயே உன் பிடி நடுங்கிச்சு. வீக்கத்தைப் பாத்து நடுங்குதான்னு நினைச்சேன். அண்ணாச்சி சொன்ன பிறகுதான் புரிஞ்சுது."

"நீங்க கேக்கவே இல்லையே."

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

அவர்கள் மறுபடி நடந்தார்கள். பட்டறை வாசலில் ஊரே கூடி நின்றது. ஆசானுக்கு வழிவிட்டார்கள். உள்ளே புருஷன் துருத்தியை மிதித்துக்கொண்டிருந்தான். உலையில் இரும்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. உலகம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மட்டியின் காம்பைப் பிடித்தாள். வலது கை மேலே, இடது கை கீழே.

"எவ்வளவு நேரம் ஊதுவீரு? இரும்பு உருகிக் கஞ்சியாகணுமா?"

அவன் குறட்டால் இரும்பை எடுத்துப் பட்டடைக் கல்லில் வைத்தான்.

தாணு ஆசானின் காதருகே குனிந்தான். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்பதுபோல வேகமாகச் சொன்னான்.

"தனியாச் சொல்லலாம்னுதான் இருந்தேன். சோதனைன்னு சங்கரபாண்டி சொன்னப்பகூட, நீங்க ஆமான்னு சொல்லிட்டா நல்லதுன்னு வேண்டிக்கிட்டேன். அத்தனை பேர் முன்னால உங்க மரியாதை போயிரக் கூடாதேன்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன், ஆசானே."

"கொஞ்சம் இரு," என்றார் ஆசான்.

சம்மட்டி தலைக்கு மேலே போனது. ஒரு கணம் அங்கேயே நின்றது. இறங்கியது.

பட்டறைக் கூரை அதிர்ந்தது. பொறி சிதறி வாசல் வரை வந்தது. முன்னால் நின்றவர்கள் பின்னால் துள்ளினார்கள். உலகம்மாள் இடது கையைப் பார்த்தாள். அது அசையாமல் காம்பில் இருந்தது. "திருப்பும்!" என்று புருஷனைப் பார்த்துக் கத்திவிட்டு மறுபடி ஓங்கினாள். மறுபடி. மறுபடி. ஊர் ஆரவாரம் செய்தது. சீடர்கள் ஒவ்வொரு அடிக்கும் "சரி! சரி!" என்று கூவினார்கள். அணஞ்சபெருமாள் துண்டைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டிருந்தார்.

"கேக்குதா?" என்றார் ஆசான்.

"கேக்குது."

"அதான்டா என் மரியாதை."